சாட்சிகள் அகலும் வானம்

1970இல் அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் எழுதிய கட்டுரையில், பிரபஞ்சவியல் என்பது இரண்டு எண்களைத் தேடும் வேலை என்றார். பிரபஞ்சம் இப்போது எவ்வளவு வேகமாக விரிகிறது என்பது முதல் எண். அந்த வேகம் எந்த அளவில் குறைந்துவருகிறது என்பது இரண்டாவது எண். முதலாவதிலிருந்து பிரபஞ்சத்தின் வயதை ஏறத்தாழக் கணிக்கலாம். இரண்டாவது அதன் சாவைச் சொல்லிவிடும். வேகம் போதிய அளவு குறைந்தால் விரிவு ஒருநாள் நின்று, எல்லாம் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கும். குறைவு போதாதென்றால் விரிவு தளர்ந்து தளர்ந்து முடிவில்லாமல் நீளும். மேலே எறிந்த கல் திரும்பி விழுமா, பூமியை விட்டே போய்விடுமா என்ற கேள்விதான் இது. எதுவானாலும் கல் வேகம் குறைந்தபடிதான் போகும் என்பதில் அன்று யாருக்கும் ஐயமில்லை. ஈர்ப்பு விசைக்கு இழுக்கத்தானே தெரியும்?

அந்த இரண்டாவது எண்ணை நம்பத்தக்க விதத்தில் அளக்க மேலும் 28 ஆண்டுகள் பிடித்தன. 1998இல் விடை வந்தபோது குறி தலைகீழாக இருந்தது. கல் விரைவெடுத்துப் பறந்துகொண்டிருக்கிறது. அதை விரட்டும் ஏதோ ஒன்றுக்கு மைக்கேல் டர்னர் என்ற இயற்பியலாளர் அதே ஆண்டில் இருள் ஆற்றல் என்று பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் இன்னும் பிடிபடவில்லை. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் 68 விழுக்காடு அது. 27 விழுக்காடு இருள் பொருள். விண்மீன்கள், கடல்கள், நாம், இந்த எழுத்து எல்லாம் மீதமுள்ள 5 விழுக்காட்டுக்குள் அடக்கம்.

இருள் ஆற்றலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு கடைசி நாளை நோக்கி ஓடிவிடுகிறது. பிரபஞ்சம் குளிர்ந்து சாகுமா, கிழிந்து சாகுமா என்று கேட்பதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. எனக்கோ அந்த முடிவைவிட, அதற்கு வெகு காலம் முன்பே நிகழப்போகும் ஒன்று முக்கியமாகப் படுகிறது. விரைவெடுத்த பிரபஞ்சம் தன் வரலாற்றின் சாட்சிகளை ஒவ்வொருவராக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. நம்மால் அதன் கதையைப் படிக்க முடிவதற்குக் காரணம் நம் அறிவு மட்டுமில்லை. நாம் வந்து சேர்ந்த வேளையும்தான். இதை உணர்ந்தவர்கள், பிரபஞ்சத்தின் விதியைப் பற்றி எவ்வளவு உறுதியோடு பேசலாம் என்பதையும் யோசித்தாக வேண்டும்.

*

தொலைவை அளப்பது வானியலின் பழைய தலைவலி. மங்கலாகத் தெரியும் புள்ளி அருகிலுள்ள சிறிய விண்மீனா, தொலைவிலுள்ள பெரிய விண்மீனா என்று கண் சொல்லாது. அதன் உண்மையான ஒளிர்வு வேறு வழியில் தெரிந்தால்தான் தொலைவைக் கணக்கிடலாம். ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை பார்த்த ஹென்ரியட்டா லீவிட், செஃபீடு என்னும் துடிக்கும் விண்மீன்களில் துடிப்பின் காலம் நீள நீள ஒளிர்வு கூடுகிறது என்பதை 1912இல் உறுதிப்படுத்தினார். அந்தக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று 1920களில் நிறுவினார். தொலைவு கூடக் கூட மண்டலங்கள் விலகும் வேகமும் கூடுகிறது என்று 1929இல் காட்டினார். பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதே தொடர்பை 1927இலேயே வருவித்திருந்தார்.

பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் செஃபீடுகள் தெரிவதில்லை. அங்கே தெரிய வேண்டுமானால் ஒரு மண்டலம் முழுவதற்கும் ஈடாக ஒளிரும் ஏதாவது வேண்டும். அது கிடைத்த இடத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவரின் பெயர் இருக்கிறது. 1930இல், 19 வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனை வெள்ளைக் குள்ளன் என்பார்கள். அது எவ்வளவு எடையைத் தாங்கும்? அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று கணக்கு சொன்னது. பின்னர் செப்பம் செய்த அளவில் அந்த வரம்பு சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் அதை எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வருவதற்கு 1983 ஆகிவிட்டது.

துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி அந்த வரம்பை நெருங்கும் வெள்ளைக் குள்ளன் ஒரேயடியாக வெடித்துச் சிதறும். இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் இணைவதாலும் அத்தகைய வெடிப்பு நேரலாம். இவை 'ஒன்று-ஏ வகை' சூப்பர்நோவாக்கள். ஏறத்தாழ ஒரே தன்மையில் வெடிப்பதால் இவற்றின் ஒளிர்வும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறது. எஞ்சும் வேறுபாட்டைத் திருத்தவும் வழி கிடைத்தது: அதிகம் ஒளிர்வது மெதுவாக மங்கும் என்பதை 1993இல் மார்க் ஃபிலிப்ஸ் எடுத்துக்காட்டினார். சந்திரசேகர் 1995இல் மறைந்தார். அவருடைய வரம்பு பிரபஞ்சத்தின் வருங்காலத்தையே அளக்கும் கோலாக மாறியதை அவர் பார்க்கவில்லை.

ஒரு மண்டலத்தில் இப்படிப்பட்ட வெடிப்பு சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழும். எங்கே, எப்போது என்று சொல்ல முடியாது. பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்பதற்கோ பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கலிஃபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தின் சால் பெர்ல்மட்டர். அமாவாசையை ஒட்டிய இருண்ட இரவுகளில் ஆயிரக்கணக்கான மண்டலங்களைப் படம் பிடித்துக்கொள்வது. மூன்று வாரம் கழித்து, அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் அதே பகுதியை மறுபடியும் படம் பிடிப்பது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிப்பது. மிஞ்சும் புதிய புள்ளிகளில் சில சூப்பர்நோவாக்களாக இருந்தே தீரும். சிலி நாட்டின் செரோ டோலோலோ மலையில் தேடுவார்கள்; ஹவாயின் கெக் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து உறுதிசெய்வார்கள். இந்த முறை பலித்ததும் போட்டிக்கு இன்னொரு குழு களமிறங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரையன் ஷ்மிட் அதை நடத்தினார். தரவுகளை ஆராயும் பொறுப்பு இளைஞர் ஆடம் ரீஸிடம் வந்தது.

இரண்டு குழுக்களும் தேடியது வேகக் குறைவை. தொலைவிலிருந்த சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் கால் பங்கு மங்கலாக இருந்தன. அதாவது இருக்க வேண்டிய தொலைவைக் காட்டிலும் அதிகத் தொலைவுக்குப் போய்விட்டிருந்தன. சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டபோது பிரபஞ்சத்திலுள்ள பொருளின் அளவு எதிர்மறையாக வந்தது என்று ரீஸ் பின்னர் சொல்லியிருக்கிறார். எதிர்மறை எடையுள்ள பொருள் எதுவும் இல்லை. அப்படியானால் ஒன்று கணக்கு தவறு, அல்லது சமன்பாட்டில் ஒரு உறுப்பு விடுபட்டிருக்கிறது. ரீஸின் குழு 16 தொலைதூரச் சூப்பர்நோவாக்களையும் அருகிலிருந்த 34ஐயும் வைத்து 1998இல் முடிவை வெளியிட்டது; பெர்ல்மட்டரின் குழு 42 வெடிப்புகளோடு வந்து அதே முடிவைச் சொன்னது. ஒன்றையொன்று முந்த நினைத்த இரண்டு குழுக்கள் யாரும் எதிர்பாராத ஒரே விடையில் சந்தித்ததுதான் அதன் நம்பகத்துக்குப் பெரும் சான்று. இடையிலுள்ள தூசி ஒளியை மறைத்திருக்கலாம் என்ற ஆட்சேபம், இன்னும் தொலைவிலிருந்த சூப்பர்நோவாக்களை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபின் வலுவிழந்தது. 2011இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

*

விடுபட்ட அந்த உறுப்பு ஏற்கெனவே ஒருவர் எழுதி அழித்தது. 1917இல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளைப் பிரபஞ்சம் முழுமைக்கும் பொருத்தியபோது, அது நிலையாக நிற்க மறுத்தது. அன்றைய வானியலுக்குத் தெரிந்த பிரபஞ்சம், காலியான வெளியில் அசையாமல் இருக்கும் ஒற்றை விண்மீன் திரள். அதைச் சரியவிடாமல் தாங்க, லாம்ப்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் ஒரு மாறிலியை அவர் சேர்த்தார். விரிவு உறுதியானபின் 1931இல் அதைக் கைவிட்டார். 1998இல் அந்த எழுத்து திரும்பி வந்தது. இந்த முறை பிரபஞ்சத்தை நிறுத்திவைக்க வரவில்லை, விரட்ட வந்தது.

இந்த மாறிலியை வெற்றிடத்தின் ஆற்றல் என்று படிக்கலாம். குவாண்டம் கோட்பாட்டின்படி வெற்றிடம் முழுக்க வெறுமையாக இருக்க முடியாது. அதில் இடைவிடாத துடிப்பு இருக்கிறது. அந்தத் துடிப்புக்கு ஆற்றல் உண்டு. 1967இல் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்தோவிச் இந்த ஆற்றலையும் ஐன்ஸ்டைனின் மாறிலியையும் இணைத்துப் பேசினார். கோட்பாட்டைக் கொண்டு அந்த ஆற்றலைக் கணக்கிட்டால் வரும் எண், வானில் அளந்த எண்ணைவிட 1-க்குப் பின் 120 பூஜ்ஜியங்கள் போட்ட அளவு மடங்கு பெரியது. இயற்பியலின் மிக மோசமான கணிப்பு என்று இயற்பியலாளர்களே இதைச் சொல்கிறார்கள். ஒரு துறையின் இரண்டு மிகச்சிறந்த கோட்பாடுகள் ஒரு கேள்விக்குச் சேர்ந்து பதில் சொல்லும்போது இந்த அளவு சறுக்குகின்றன என்றால், அடித்தளத்தில் எங்கோ நாம் எதையோ புரிந்துகொள்ளவில்லை.

அளந்த எண்ணின் சிறுமையும் கவனிக்கத்தக்கது. ஒரு கனமீட்டர் வெளியில் உள்ள இருள் ஆற்றல், மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். பூமியின் கன அளவு முழுவதிலும் உள்ளதைத் திரட்டினாலும் சுமார் 6 மில்லிகிராம்தான் தேறும். இது நம் உடலையோ, பூமியின் சுற்றுப்பாதையையோ, பால்வெளியையோ இழுத்து விரிப்பதில்லை. இங்கெல்லாம் ஈர்ப்பும் பிற விசைகளும் எளிதில் வென்றுவிடுகின்றன. மண்டலங்களுக்கிடையே இருக்கும் பெரும் வெளிகளில்தான் அதன் ஆட்சி. அங்கேயும் அது வலிமையால் வென்றதில்லை, மாறாமையால் வென்றது. பிரபஞ்சத்தின் நீள அகல உயரங்கள் இருமடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகிவிடும். இருள் ஆற்றல் உண்மையிலேயே ஒரு மாறிலியாக இருந்தால் அதன் அடர்த்தி அப்படியே நிற்கும். பொருள் நீர்த்துக்கொண்டே வர, நீர்க்காத இது ஒருநாள் மேலோங்கியாக வேண்டும். 1,380 கோடி ஆண்டு வரலாற்றில் அது சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சூரியன் பிறப்பதற்கு முன்பே விரிவு வேகம் பிடித்துவிட்டது.

*

மாறிலி மாறிலியாகவே நீடித்தால் நடக்கப்போவதை எழுதிவிட முடியும். இன்னும் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் ஊதிப் பெருத்துச் சிவந்து பின் அடங்கும். பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் அவற்றைச் சூழ்ந்த சிறு மண்டலங்களும் ஈர்ப்பால் கட்டுண்டவை. அவை ஒன்றாகவே இருக்கும், காலப்போக்கில் கலந்து ஒரே மண்டலமாகும். இந்தச் சிறு கூட்டத்துக்கு வெளியே உள்ள அனைத்தும் விலகி ஓடுகின்றன. இப்போதே, நாம் காணக்கூடிய மண்டலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நமக்கு எட்டாதவை ஆகிவிட்டன. இன்று நாம் ஒளியின் வேகத்தில் புறப்பட்டாலும் அவற்றை அடைய முடியாது. நாம் பார்ப்பது அவை எப்போதோ அனுப்பிய ஒளியை. இன்று அங்கிருந்து கிளம்பும் ஒளி இங்கே ஒருநாளும் வந்து சேராது.

2007இல் லாரன்ஸ் கிராஸ், ராபர்ட் ஷெரர் என்ற இரு இயற்பியலாளர்கள், இன்னும் 10,000 கோடி ஆண்டுகள் கழித்து ஒரு வானியலாளர் என்ன பார்ப்பார் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் தொந்தரவு தந்த கட்டுரை அது. அந்த வானியலாளருக்கு விண்மீன்கள் இருக்கும். சிறிய சிவப்பு விண்மீன்கள் லட்சம் கோடிக்கணக்கான ஆண்டுகள் எரியக்கூடியவை. அவற்றைச் சுற்றும் கோள்களில் உயிர் இருக்கத் தடையில்லை. அவருடைய தொலைநோக்கிகள் நம்முடையவற்றைவிடச் சிறந்தவையாகவே இருக்கட்டும். அவற்றைத் தன் மண்டலத்துக்கு வெளியே திருப்பினால் இருட்டுதான் தெரியும். வேறெந்த மண்டலத்தின் ஒளியும் அடையாளம் காண முடியாத அளவு நீண்டு மங்கியிருக்கும்.

பெருவெடிப்புக் கொள்கை மூன்று தூண்களில் நிற்கிறது. மண்டலங்கள் விலகிச்செல்வது முதல் தூண். விலகுவதைக் காட்ட ஒரு மண்டலமும் அங்கே இல்லை. 1965இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கண்டுபிடித்த நுண்ணலைப் பின்னணி இரண்டாவது. அது நீண்ட ரேடியோ அலையாக வலுவிழந்து, மண்டலத்துக்குள் பரவியிருக்கும் மின்னூட்ட வாயுவைக்கூட ஊடுருவ முடியாமல் நின்றுவிடும். தொடக்கத்தின் சில நிமிடங்களில் உருவான ஹீலியத்தின் அளவு மூன்றாவது. அதற்குள் விண்மீன்கள் தாமே தயாரித்துக் குவித்த ஹீலியத்தில் அந்தப் பழைய கணக்கு புதைந்துபோகும். ஆக அந்த வானியலாளர் தன் காலத்துச் சான்றுகளை நேர்மையாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவார்: பிரபஞ்சம் என்பது காலியான, அசையாத வெளியில் மிதக்கும் ஒற்றை விண்மீன் திரள். 1917இல் ஐன்ஸ்டைன் முன்னே இருந்த அதே படம். ஐன்ஸ்டைனின் தலைமுறைக்கு அந்தப் படம் கருவிகளின் போதாமையால் வந்தது. கருவி வளர்ந்ததும் கலைந்தது. வருங்கால வானியலாளருக்கு எந்தக் கருவியும் உதவாது.

அவரிடம் குறை எதுவும் இல்லை என்பதை நினைக்க வேண்டும். சோம்பல் இல்லை, மூடநம்பிக்கை இல்லை, தரவுகளைத் திரிக்கவில்லை. முறை சரி, அளவீடு சரி, முடிவு மட்டும் தவறு. 2011இல் ஹார்வர்டின் ஏவி லோப் ஒரு சிறு வழியைச் சுட்டினார்: மண்டலத்தின் மையத்திலிருந்து அதிவேகமாக வீசியெறியப்படும் விண்மீன்கள் அப்போதும் வெளியே போய்க்கொண்டிருக்கும், அவற்றின் ஒளியை நுட்பமாக அளந்தால் வெளியின் விரைவு தெரியவரலாம். பெருங்கூட்டமாக இருந்த சாட்சிகளில் கடைசியாக ஒருவர் மிஞ்சுவது போலத்தான் இது. அந்தச் சாட்சியை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். கேள்வி என்னவென்றே தெரியாதவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

இந்தக் கதையை நாம் அவர்கள்மேல் இரக்கத்தோடு படித்து முடித்துவிடலாம். அப்படிப் படித்தால் அதன் கூர்மை நம்மீது படாமல் போய்விடும். சாட்சிகள் எப்போது வெளியேறத் தொடங்கினார்கள்? நாம் பிறந்தபின் என்று யார் சொன்னது? பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் நேர்ந்ததாகக் கருதப்படும் பெருவிரிவு, அதற்கு முன் ஏதேனும் இருந்திருந்தால் அதன் தடயங்களை எட்டாத் தொலைவுக்குத் துடைத்துத் தள்ளியிருக்கும். வருங்கால வானியலாளர் தான் இழந்தது என்னவென்று அறியாமல் தன் ஒற்றைத் தீவை முழுப் பிரபஞ்சம் என்பார். நாம் முழுப் பிரபஞ்சம் என்று அழைப்பது எதன் மிச்சம் என்று கேட்க நமக்கும் கருவி இல்லாமல் இருக்கலாம்.

*

அந்த வருங்கால வானியலாளரின் காலத்துக்குப் பிறகான கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். ஃபிரெட் ஆடம்ஸும் கிரெகரி லாஃப்லினும் 1997இல் இதன் விரிவான கணக்கை எழுதினார்கள். கோடி கோடி ஆண்டுகள் ஆகும்போது புதிய விண்மீன்கள் உருவாவது நிற்கும். எஞ்சியவை வெள்ளைக் குள்ளன்கள், நியூட்ரான் விண்மீன்கள், கருந்துளைகள். வெள்ளைக் குள்ளன்களும் குளிர்ந்து கறுக்கும். புரோட்டான் சிதையக்கூடியது என்றால் அவையும் கரையும். கருந்துளைகள் ஹாக்கிங் சொன்ன கதிர்வீச்சால் மெல்ல ஆவியாகும். மிகப் பெரியவை மறைய 1-க்குப் பின் 100 பூஜ்ஜியங்கள் போட்ட ஆண்டுகள் ஆகும். பிறகு நிகழ்வதற்கு ஒன்றும் இராது.

இந்த வறட்சியிலும் உயிர் தப்பிப் பிழைக்குமா என்று கேட்டவர் ஃப்ரீமன் டைசன். 1979இல் அவர் எழுதிய கட்டுரையில், குளிர்ந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தில் அறிவுள்ள உயிர் மேலும் மேலும் மெதுவாகச் சிந்தித்து, நீண்ட காலம் உறங்கி உறங்கி விழித்து, எல்லைக்குட்பட்ட ஆற்றலைக் கொண்டே எல்லையற்ற காலம் வாழலாம் என்று காட்டினார். அது வேகம் குறையும் பிரபஞ்சத்துக்குப் போட்ட கணக்கு. 2000இல் கிராஸும் கிளென் ஸ்டார்க்மனும் விரையும் பிரபஞ்சத்தில் அது செல்லாது என்றார்கள். அங்கே வெப்பநிலை ஒரு அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது. கிடைக்கும் பொருளுக்கும் வரம்பு உண்டு. உறக்கம் உயிரைக் காக்காது. டைசனின் நம்பிக்கையும் கிராஸின் அவநம்பிக்கையும் நாணயமான கணக்குகள்தான். இடையில் மாறியது ஓர் எண்ணின் குறி.

குறி மாறினால் விதி மாறும் என்பது நம் ஊரிலும் ஒரு படிப்பினையாக வந்திருக்கிறது. 1980இல் வெளிவந்த கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடர், சோழர்காலத்து நடராசர் வடிவத்தைக் காட்டி, இந்து மரபின் பிரம்மாண்டமான கால அளவுகளையும் தோன்றி ஒடுங்கித் தோன்றும் சுழற்சியையும் நவீன பிரபஞ்சவியலின் சாத்தியங்களோடு அருகருகே வைத்தது. சேகன் அதைக் கவிஞனின் எச்சரிக்கையோடு செய்தார். நம்மவர்களில் பலர் அந்த எச்சரிக்கையை உதறிவிட்டு, ஊழியும் ஒடுக்கமும் அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டன என்று மேடையில் முழங்கினார்கள். 1998இல் ஒடுக்கம் கணக்கிலிருந்து விழுந்தபோது அவர்கள் யாரும் மேடையேறி, இப்போது அது பொய்ப்பிக்கப்பட்டது என்று சொல்லவில்லை. சைவ சித்தாந்தத்தின் ஐந்தொழிலில் அழித்தலுக்கு அடுத்து மறைத்தல் தனித்தொழிலாக நிற்கிறது. விரையும் பிரபஞ்சம் செய்வது அதுதானே என்று சொல்ல எனக்கும் நா ஊறுகிறது. சொல்ல மாட்டேன். அந்தத் தொழில் ஆன்மாவைப் பற்றிய ஒரு சிந்தனை. அதற்குத் தன் காலில் நிற்கும் மதிப்பு இருக்கிறது. அதை ஒரு தொலைநோக்கியின் அளவீட்டில் கட்டிவைத்தால், அளவீடு திருத்தப்படும் நாளில் அதுவும் சேர்ந்து விழும்.

*

திருத்தப்படும் நாள் நெருங்கியிருக்கவும் கூடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் மலை இருக்கிறது. அங்கே நான்கு மீட்டர் மேயால் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி 2021 முதல் வேலை செய்கிறது. 5,000 ஒளியிழைகளைச் சிறு ரோபோக்கள் ஒவ்வொரு மண்டலத்துக்கும் நேராகத் திருப்பி நிறுத்தும். பிரபஞ்சத்தின் இளமையில் வெப்ப வாயுவில் பரவிய ஒலியலைகள் மண்டலங்களின் பரவலில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியைப் பதித்துவிட்டன. இன்று அது சுமார் 50 கோடி ஒளியாண்டு. வெவ்வேறு காலங்களில் அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் விரிவின் வரலாறு தெரியும். 2025 மார்ச்சில், முதல் மூன்று ஆண்டுகளில் அளந்த ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவேசார்களையும் வைத்து டெசி குழு தன் முடிவுகளை வெளியிட்டது. பிற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கையில், இருள் ஆற்றல் மாறிலி இல்லை, காலப்போக்கில் வலுக்குறைகிறது என்ற குறிப்பு அதில் தெரிகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் குறிப்பின் புள்ளியியல் வலு 2.8 முதல் 4.2 சிக்மா வரை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் கேட்பது 5.

வலுக்குறைவது உண்மையென்றால் மேலே எழுதிய எதிர்காலம் முழுவதையும் திருத்த வேண்டிவரும். விரைவு தணிந்து பிரபஞ்சம் வெறுமனே மிதந்துகொண்டிருக்கலாம். அந்த ஆற்றல் எதிர்க்குறிக்குப் போனால் விரிவு நின்று ஒடுக்கம் மறுபடியும் கணக்குக்குள் வரலாம். இதற்கு நேர்மாறான சாத்தியத்தை 2003இல் ராபர்ட் கால்ட்வெல்லும் வேறு இருவரும் எழுதியிருந்தார்கள். இருள் ஆற்றலின் அடர்த்தி கூடிக்கொண்டே போனால், அவர்கள் எடுத்துக்கொண்ட ஓர் உதாரணக் கணக்கின்படி 2,200 கோடி ஆண்டுகளில் மண்டலங்களும், முடிவுக்குச் சில மாதங்கள் முன்பு சூரியக் குடும்பம் போன்றவையும், கடைசிக் கணத்தில் அணுக்களும் கிழிந்துபோகும். குளிர்வு, கிழிவு, ஒடுக்கம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விகிதத்தின் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் இருக்கிறது. இருள் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அதன் அடர்த்திக்கும் உள்ள விகிதம் அது. மாறிலிக்கு அதன் மதிப்பு துல்லியமாக −1.

ஒரு நூற்றாண்டில் நாம் கொண்டிருந்த பிரபஞ்சங்களை எண்ணிப் பார்க்கலாம். 1917இல் அசையாத பிரபஞ்சம். 1929க்குப் பின் விரியும் பிரபஞ்சம். 1970களில் ஒடுங்குமா தளருமா என்ற வழக்கில் நின்ற பிரபஞ்சம். 1998க்குப் பின் விரைந்து குளிரும் பிரபஞ்சம். 2025இல் அந்த விரைவும் நீடிக்குமா என்ற ஐயம். ஒவ்வொரு கட்டத்திலும் விதி என்று சொல்லப்பட்டது, அன்று கையிலிருந்த எண்ணை எல்லையற்ற காலத்துக்கு நீட்டிப் போட்ட கோடு. இதைச் சொன்னதும், விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், ஆகவே எதையும் நம்ப வேண்டியதில்லை என்று சிலர் கிளம்புவார்கள். அவர்கள் இந்த வரலாற்றைத் தப்பாகப் படிக்கிறார்கள். ஐன்ஸ்டைனைத் திருத்தியது ஹபிளின் தொலைநோக்கி. சாண்டேஜின் எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது அவர் தேடச் சொன்ன அதே எண். 1998இன் முடிவு நாளை திருத்தப்படுமானால் அந்தத் திருத்தமும் கிட் பீக்கிலிருந்தோ சிலியிலிருந்தோ வரும், வேறெங்கிருந்தும் வராது.

பிரபஞ்சத்தின் முடிவு நம் வாழ்க்கையைப் பொருளற்றதாக்குகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. கோடி கோடி ஆண்டுகளுக்குப் பின் எல்லாம் அணையும் என்பதால் இன்றைய கூலியோ காதலோ நியாயமோ ஒரு பொட்டும் குறைவதில்லை. அந்தக் கேள்வி நம் சோர்வுக்கு நாம் தேடிக்கொள்ளும் பெரிய அளவுச் சாக்கு. என்னைத் தொடுவது வேறொன்று. சான்றுகள் வானில் கொட்டிக் கிடக்கும் காலத்தில் நாம் இருக்கிறோம். பிற மண்டலங்கள் தெரிகின்றன, பின்னணி வெப்பம் கேட்கிறது, இருள் ஆற்றல் தன்னைக் காட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் மறைக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தவர்கள் செய்ய வேண்டியது பார்ப்பதும், பதிவதும், பதிந்ததைப் பிறர் சரிபார்க்கத் திறந்துவைப்பதும். சிலியின் செரோ பச்சோன் மலையில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. தெற்கு வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது அதன் திட்டம். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் மண்டலங்களை அளந்துகொண்டிருக்கிறது. அந்த விகிதம் −1தானா என்ற கேள்வி நம்மில் பலரின் ஆயுளுக்குள்ளேயே தெளிவாகிவிடக்கூடும்.

அதுவரை, வாசகரே, பிரபஞ்சம் இப்படித்தான் முடியும் என்று யாராவது எழுதியிருப்பதைப் படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். அது எந்த ஆண்டின் அளவீட்டை வைத்து எழுதியது என்று பாருங்கள். ஆண்டு இருந்தால் அது அறிவியல். அடுத்த அளவீட்டுக்குக் காத்திருக்கலாம். ஆண்டு இல்லையென்றால் அதை ஜோசியத்தோடு சேர்த்து வையுங்கள்.